கூட்டத்துக்குச் சமைக்கப் பெரிய கரி கிரில்: எதைப் பார்த்து வாங்குவது

கிரில் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது "20 பேருக்கு" என்ற வரி. அதை நம்பி வாங்கினால் முதல் விருந்திலேயே திண்டாட வேண்டிவரும். அடியில் முழுக்கக் கனல், மேலே நெருக்கி அடுக்கிய துண்டுகள். கொழுப்பு சொட்டித் தீ குபீரென்று எழும்பும்போது எதையும் ஒதுக்கி வைக்க இடம் இருக்காது. வெளியே கருகி, உள்ளே வேகாத கோழிதான் தட்டுக்கு வரும்.

பெட்டியில் எழுதியவர் கம்பித் தட்டு முழுவதையும் உணவால் நிரப்பிக் கணக்குப் போட்டிருக்கிறார். சமைப்பவர் போட வேண்டிய கணக்கு வேறு. தட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கின் அடியில் கனலே இருக்கக் கூடாது. தீப்பிடித்த துண்டைத் தள்ளி வைக்க, எலும்புள்ள கோழியை மூடி போட்டு நிதானமாக வேகவிட, முதல் சுற்றில் வெந்ததைச் சூடாக வைத்திருக்க அந்த இடம் வேண்டும். சிறிய கிரில்லில் அது கிடைக்காது என்பதால்தான் பெரியதைத் தேடுகிறோம். ஆகவே எந்தக் கிரில்லைப் பார்த்தாலும் "எத்தனை பேருக்கு" என்று கேட்பதற்கு முன், "காலி இடத்தை எங்கே விடலாம்" என்று பாருங்கள்.

அளவுக் கணக்கு

எலும்புடன் கூடிய ஒரு கோழித் தொடைத் துண்டு, சுற்றிலும் திருப்புவதற்கான இடைவெளியோடு, சுமார் 200 சதுர செ.மீ. பிடிக்கும். அரைத்த இறைச்சி வடைக்கு 170 போதும். முழு மீனுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 200 என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு இரண்டு துண்டு: 10 × 200 = 2,000 சதுர செ.மீ. காலி மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்தால் 3,000. பதினைந்து பேர் வந்தால் 30 துண்டு, 6,000 சதுர செ.மீ. இதை இரண்டு சுற்றாகப் பிரித்தால் சுற்றுக்கு 3,000, காலி இடத்தோடு 4,500.

இனி கிரில் அளவுகளைப் பார்க்கலாம். வட்டத் தட்டின் விட்டம் 47 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 1,700 சதுர செ.மீ., 57 என்றால் 2,550, 67 என்றால் 3,500. விட்டத்தில் 10 செ.மீ.தான் கூடுகிறது, பரப்பிலோ கிட்டத்தட்ட ஆயிரம் கூடுகிறது. நீள்சதுரத் தட்டு 90 × 45 என்றால் 4,050. 200 லிட்டர் பீப்பாயைப் படுக்கவைத்து நீளவாக்கில் பிளந்து செய்த கிரில்லில் 85 × 55, அதாவது 4,600க்குச் சற்று மேல்.

மேலே தொங்கும் சின்னச் சூடாக்கும் தட்டையும் சேர்த்து "மொத்தப் பரப்பு" என்று அச்சிடுவது வழக்கம். அதைக் கழித்துவிடுங்கள். அளவு நாடாவைக் கொண்டுபோய் முதன்மைத் தட்டை மட்டும் அளந்து பார்ப்பதே நம்பகம்.

வாரம் ஒருமுறை ஐந்து பேருக்கும், மாதம் ஒருமுறை பதினைந்து பேருக்கும் சமைக்கும் வீட்டுக்கு 3,500 போதும் என்பதே எங்கள் கருத்து. விருந்து நாளில் மூன்று சுற்று ஆகும், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு நாளுக்காக 6,000 வாங்கினால் மற்ற நாளெல்லாம் அது வெறுமனே கரியைத் தின்னும். கூட்டம்தான் உங்கள் வழக்கம் என்றால் 4,500க்குப் போகலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஒரே பெரிய கிரில்லைவிட இரண்டு நடுத்தரக் கிரில்கள் மேல்: ஒன்றில் இறைச்சி, இன்னொன்றில் காய்கறி, ஒன்றில் கடும் சூடு, இன்னொன்றில் மிதமான சூடு. வீட்டுக்கு மட்டும் சமைக்கும் நாளில் ஒன்றை மூட்டினால் போதும்.

உருவம்

உருண்டையான கெட்டில் வகை 1952இல் பிறந்தது. கடல் மிதவைகள் செய்துகொண்டிருந்த பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவைக்கான இரும்புக் கிண்ணங்களில் ஒன்றை அடுப்பாகவும் இன்னொன்றை மூடியாகவும் ஆக்கினார். அந்த வடிவம் இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மூலை இல்லாததால் மூடியபின் சூடு எல்லாப் பக்கமும் சுற்றிவரும், காற்றுக் கசிவும் குறைவு. 57 அல்லது 67 செ.மீ. கெட்டில் முதல் பெரிய கிரில்லாக நல்ல தேர்வு. குறை ஒன்று: கனலை ஒரு பக்கம் ஒதுக்கினால் மிஞ்சும் இடம் அரைவட்டம். நீளமான துண்டுகள் அதில் சரியாக உட்காராது.

பீப்பாய் வகையும் நீள்சதுரப் பெட்டி வகையும் கூட்டத்துக்கு வசதி. 85 அல்லது 90 செ.மீ. நீளத்தில் ஒரு முனையில் அடர்த்தியான கனல், நடுவில் மெல்லிய அடுக்கு, மறுமுனை காலி என்று மூன்று சூடுகளை வரிசையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்று வாசல் ஒரே முனையில் இருந்தால் அந்தப் பக்கக் கனல் சீக்கிரம் எரிந்து தீரும், மறுபக்கம் மந்தமாகக் கிடக்கும். இரு முனைகளிலும் வாசல் உள்ளதையே எடுங்கள். பழைய பீப்பாயை வாங்கி வெட்டிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முன்பு அதில் என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். எரியக்கூடிய திரவத்தின் ஆவி மிச்சமிருந்தால் வெட்டும்போதே வெடிக்கும். உள்பூச்சு உள்ள பீப்பாயில் சமைப்பதும் ஆபத்து.

கனத்த பீங்கான் சுவருள்ள கமாடோ வகை, குறைந்த கரியில் பல மணி நேரம் சூட்டைப் பிடித்துவைக்கும். ஆனால் 46 செ.மீ. தட்டுள்ளதில் பரப்பு 1,660தான். ஒருமுறை சூடு ஏறிவிட்டால் இறக்குவதற்குள் பொறுமை போய்விடும். ஒரு பெரிய இறைச்சித் துண்டை நிதானமாக வேகவைக்க அருமையான கருவி. பல வகைத் தின்பண்டங்களை மாற்றி மாற்றிச் சுடும் கூட்டச் சமையலுக்கு அவ்வளவு தோது அல்ல.

மூடியே இல்லாமல், கைச்சக்கரத்தைச் சுற்றித் தட்டை ஏற்றி இறக்கும் திறந்த வகையும் உண்டு. சூட்டை உயரத்தால் கட்டுப்படுத்தலாம் என்பது பெரிய வசதி. காற்று அடிக்கும் இடத்தில் கரி வேகமாகத் தீரும், கனத்த துண்டுகள் உள்ளே வேக நேரம் பிடிக்கும்.

இரும்பும் பூச்சும்

தகட்டின் கனத்தை விற்பனையாளர் சொல்லாவிட்டாலும் எடை சொல்லிவிடும். ஒரு மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிலோ, 3 மி.மீ. என்றால் 23.5 கிலோ. பீப்பாய் அளவுள்ள கிரில் ஒன்று கால், சக்கரம், தட்டு எல்லாம் சேர்ந்தே 20 கிலோ என்றால் தகடு ஒரு மி.மீ.கூட இராது. கனலின் சூட்டில் அது நெளியும், நெளிந்தபின் மூடி பொருந்தாது, மூடி பொருந்தாவிட்டால் காற்று உங்கள் பேச்சைக் கேட்காது. எனாமல் பூச்சுள்ள கெட்டில் மெல்லியதாக இருந்தாலும் அதன் வளைவு நெளியாமல் காக்கும். தட்டையான பக்கங்களுள்ள பெட்டிக்கு 2 மி.மீ. வேண்டும், அடிப்பகுதி 3 என்றால் நிம்மதி.

எனாமல் என்பது உலையில் சுட்டு உருக்கி ஒட்டிய கண்ணாடி. கனலுக்கு அஞ்சாது. ஆனால் கீழே போட்டாலோ கூரான எதிலாவது மோதினாலோ சில்லு பெயர்ந்து, அங்கிருந்து துரு தொடங்கும். விளிம்பு, துளை ஓரம் இரண்டையும் வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். பவுடர் பூச்சு கால்களுக்கும் பக்கப் பலகைக்கும் சரி. கரி எரியும் தொட்டியின் உள்ளே இருந்தால் பொசுங்கி உரியும். துத்தநாகம் பூசிய தகடோ கம்பியோ கனலுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கனல் அதைவிட மிக அதிகச் சூடு, துத்தநாகத்திலிருந்து எழும் புகை உடம்புக்குக் கெடுதல்.

கம்பித் தட்டு

உணவு தொடுவது இதைத்தான் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். குரோம் முலாம் பூசிய மெல்லிய கம்பி சில மாதங்களில் உரியத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி என்றால் 6 மி.மீ. கனமாவது வேண்டும், 8 இருந்தால் நல்லது. கையோடு ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். 304 வகை ஸ்டீலில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான் ஒட்டும். 430 வகையில் கெட்டியாக ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், துருவைத் தாங்கும் திறன் மட்டும் குறைவு. விற்பவர் ஒன்றைச் சொல்லிக் காந்தம் வேறொன்றைச் சொன்னால் காந்தத்தை நம்புங்கள்.

வார்ப்பிரும்புத் தட்டு சூட்டை நன்றாகச் சேமித்துவைத்து அழுத்தமான கோடு போடும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவி வைக்க வேண்டும், மழையில் ஒரு இரவு கிடந்தால் துருப்பிடித்துவிடும். பெரிய கிரில்லில் இதன் எடையும் ஒரு சிக்கல். ஒரே பலகையாக இல்லாமல் இரண்டு மூன்று துண்டுகளாக இருந்தால்தான் கரி சேர்க்க அதைத் தூக்க முடியும். ஸ்டீல் தட்டிலும் ஒரு ஓரம் கீலில் திறப்பதாக இருக்கட்டும். கம்பிகளுக்கு இடையே 10 முதல் 12 மி.மீ. இடைவெளி போதும், அதற்கு மேல் போனால் மீனும் நறுக்கிய காய்களும் கனலில் விழும்.

கம்பித் தட்டை மட்டும் பார்த்துவிட்டு, கீழே கரியைத் தாங்கும் கரித் தட்டை மறந்துவிடுவோம். முதலில் எரிந்து வளைவது அதுதான். அதற்கு மாற்று கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே கேளுங்கள்.

காற்று வாசல்

கேஸ் அடுப்பின் திருகு என்ன வேலை செய்கிறதோ, அதைக் கரி கிரில்லில் காற்று வாசல் செய்கிறது. ஒரு கிலோ கரி எரிய ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று வேண்டும். கரி எவ்வளவு போட்டாலும் காற்று எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான் எரியும். அடி வாசல் காற்றை உள்ளே விடும், மேல் வாசல் புகையை வெளியே இழுத்து அடியில் உறிஞ்சலை உண்டாக்கும். இரண்டும் இருந்தால்தான் அது மூடி போட்டுச் சமைக்கும் கிரில்.

சூட்டை அடி வாசலால் கூட்டிக் குறையுங்கள். சமையல் முடியும்வரை மேல் வாசலை முழுதாக மூட வேண்டாம். மூடினால் கரி மூச்சுமுட்டி எரிந்து, அந்தப் புகை உணவில் கசப்பாக இறங்கும். மூடியைப் போடும்போது மேல் வாசல் உணவின் பக்கம், அதாவது கனல் இல்லாத பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள். சூடு உணவைத் தழுவிக்கொண்டு வெளியேறும்.

கரித் தட்டுக்கும் அடித் தகட்டுக்கும் இடையே 8 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். இது குறைந்தால் ஒரு மணி நேரச் சமையலிலேயே சாம்பல் மேலேறிக் காற்றை அடைத்துவிடும். "பாதியில் சூடு இறங்கிவிடுகிறது, கரி சரியில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெரிய கிரில்லில் சாம்பலும் அதிகம். வெளியிலிருந்து நெம்புகோலைத் தள்ளிச் சாம்பலைக் கீழே கொட்டும் அமைப்போ, இழுத்தெடுக்கும் தட்டோ இல்லாததை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கனலிலிருந்து உணவு 12 முதல் 18 செ.மீ. உயரத்தில் இருப்பது பொதுவாகச் சரி. பீப்பாய் கிரில்களில் இந்த உயரம் 25ஐத் தாண்டுவது உண்டு. அப்போது கரி இரட்டிப்பாகப் போட்டால்தான் மேலே சூடு உறைக்கும். கரித் தட்டை இரண்டு மூன்று படிகளில் ஏற்றி இறக்க முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடையில் கையோடு செய்யும் சோதனைகள்

கைப்பேசி விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடியைப் போடுங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்று கசியும் இடம். மெல்லிய கீற்று பரவாயில்லை. நாணயம் நுழையும் அளவு என்றால் வேண்டாம்.

மூடியை ஒரு கையால் தூக்குங்கள். மறு கையில் இடுக்கி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். திறந்த நிலையில் மூடி தானாக நிற்க வேண்டும், அப்போது கிரில் பின்பக்கம் சாயக் கூடாது. பெரிய மூடியுள்ள மலிவான கிரில்களில் இந்தச் சாய்வு சாதாரணம். கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே விரல்கள் தொடாத அளவு, 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். மூடிய பிறகு தட்டுக்கு மேலே 18 செ.மீ.யாவது உயரம் வேண்டும், இல்லையென்றால் முழுக்கோழி இடிக்கும்.

வாசல்களைப் பலமுறை திறந்து மூடுங்கள். குளிர்ந்த நிலையிலேயே இறுகினால், சூட்டில் விரிந்தபின் அசையவே அசையாது. பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்குங்கள். கால்களின் போல்ட் மெல்லிய தகட்டில் நேரடியாக முடுக்கியிருந்தால் ஆட்டம் நாளுக்கு நாள் கூடும். உள்ளே தாங்கு தகடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கரத்தின் விட்டம் 15 செ.மீ.க்குக் குறைந்தால் மண்ணிலும் புல்லிலும் உருளாது. சமைக்கும் தட்டு தரையிலிருந்து 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் இரண்டு மணி நேரம் நின்றாலும் முதுகு நோகாது.

மூடியில் பதித்த வெப்பமானி மூடியின் உச்சியிலுள்ள காற்றின் சூட்டைக் காட்டும், தட்டின் சூட்டை அல்ல. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றைத் தனியாக வாங்குங்கள். கோழியின் உள்ளே 74 டிகிரி, அரைத்த இறைச்சியில் 71 டிகிரி வந்தால்தான் எடுக்கலாம். கூட்டத்துக்குச் சமைக்கும்போது கண் மதிப்பை நம்புவது சரியல்ல.

கரி எவ்வளவு போடுவது

அச்சில் அழுத்திய கரிக்கட்டி ஒன்று ஏறக்குறைய 5 செ.மீ. சதுரம், 25 கிராம். ஆக, ஒரு அடுக்கு நெருக்கிப் பரப்ப ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிராம். 3,500 சதுர செ.மீ. கிரில்லில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு அடுக்கு என்றால் 2.3 கிலோ. கரி மூட்டப் பயன்படும் இரும்புக் குழாயான சிம்னி, வழக்கமான அளவில் ஒன்று, சுமார் 2.5 கிலோ, அதாவது நூறு கட்டிகள் கொள்ளும். 4,500க்கு மூன்று கிலோ வேண்டும் என்பதால் சிம்னியும் இரண்டாக வேண்டும். அடியில் காகிதம் கொளுத்தினால் 15 முதல் 20 நிமிடத்தில் மேல் கட்டிகளில் சாம்பல் பூக்கும், அப்போது கொட்டலாம். உடைத்த மரக்கரி இதைவிடச் சீக்கிரம் பற்றும், சாம்பல் குறைவு, சூடும் அதிகம். ஆனால் சீக்கிரம் தீரும், துண்டுகள் ஒரே அளவாக இல்லாததால் சூடும் சீராக இராது. நீண்ட விருந்துக்குக் கட்டி, சட்டென்று சுட்டெடுக்க மரக்கரி.

ஒரு அடுக்குக் கனலின் நல்ல சூடு ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். எலும்புள்ள கோழி ஒரு சுற்றுக்கு 35 முதல் 45 நிமிடம் பிடிக்கும். இரண்டாம் சுற்று வைக்கும்போதே சிம்னியில் அடுத்த கரியை மூட்டத் தொடங்குங்கள். கறுப்புக் கரியை நேரடியாகக் கனல்மேல் போட்டால் அது பற்றும்வரை சூடு இறங்கும், புகையும் மண்டும்.

பெரிய கிரில்லில் கொஞ்சமாகச் சமைக்கும் நாளில் பலரும் செய்யும் பிழை, கொஞ்சக் கரியை இடம் முழுக்கப் பரப்புவது. கங்குகள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டுதான் எரிகின்றன. பிரித்துவிட்டால் ஒவ்வொன்றாக அணையும். தீச்செங்கல் இரண்டையோ ஒரு கனத்த இரும்புத் தகட்டையோ குறுக்கே நிறுத்தித் தொட்டியைச் சுருக்கி, அந்தப் பக்கத்தில் மட்டும் அடர்த்தியாகக் கனலை வையுங்கள். ஒரு கிலோ கரியில் ஐந்து பேருக்கான சமையல் முடியும்.

முதல் தீ, அதன் பிறகு

புதுக் கிரில்லில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். தட்டுகளைச் சோப்புநீரில் கழுவித் துடைத்து, ஒரு சிம்னி கரியைக் கொட்டி, மூடி போட்டு, வாசல்களை முழுதாகத் திறந்து முக்கால் மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். அந்த நாற்றம் நின்ற பிறகே உணவு. ஆறியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்குங்கள். முதல் சூட்டில் தளர்ந்திருக்கும்.

சில மாதம் கழித்து எனாமல் மூடியின் உட்புறத்தில் கறுப்புத் தாள் தாளாக உரிவதைப் பார்த்துப் பெயின்ட் போகிறது என்று பதறுவார்கள். அது பெயின்ட் அல்ல, படிந்து கருகிய புகையும் கொழுப்பும். கசக்கிய காகிதத்தால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். உணவில் விழாதபடி அவ்வப்போது தேய்த்து எடுங்கள்.

சுவர், கூரை, தொங்கும் கிளை எதிலிருந்தும் மூன்று மீட்டர் தள்ளி, சமதளத்தில் கிரில்லை நிறுத்துங்கள். மழை வந்துவிட்டதென்று வீட்டுக்குள்ளோ வண்டிக் கொட்டகைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தள்ளிக்கொண்டு போகவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கதவு திறந்திருந்தாலும் ஆளைக் கொல்லும். கமாடோவிலும் நன்றாக மூடும் மற்றக் கிரில்லிலும், வாசல்களைச் சுருக்கி வைத்த பிறகு மூடியைச் சடாரென்று திறந்தால் புதுக் காற்று பாய்ந்து தீ முகத்துக்கு எழும்பும். முதலில் இரண்டு விரல் அளவு தூக்கிச் சில விநாடி பொறுத்து, அப்புறம் திறக்கலாம்.

சமைத்து முடித்ததும் எல்லா வாசல்களையும் மூடினால் கனல் அணைந்து, மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் சூடான எனாமலும் வார்ப்பிரும்பும் விரிசல் விடும், எழும் நீராவி கையைச் சுட்டுவிடும். சாம்பலை மறுநாளுக்கு முன் அள்ள வேண்டாம். உள்ளே புதைந்த கங்கு ஒரு நாள் முழுக்க உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளிப் போட்டு, அது முழுக்கக் குளிர்ந்த பின்பே குப்பைக்கு அனுப்புங்கள். அள்ளாமல் விட்ட சாம்பல் ஈரத்தை உறிஞ்சி அடித் தகட்டை அரிக்கும். உறை போட்டு மூடிவைக்கும் கிரில்லிலும், உள்ளே சாம்பல் கிடந்தால் அடித் தகடு ஓட்டையாகிவிடும்.